நம்காச்சு, 1962: எழுத்தில் கேட்ட ஆணை

1. எது தலையீடு?

போருக்குப் போவதா, எங்கே நிற்பது என்பது அரசின் முடிவு. 1999 கார்கில் போரில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று வாஜ்பாய் அரசு விதித்தது. படைக்கு அது பெரும் சுமைதான். ஆனாலும் தலையீடு ஆகாது. எந்த முகட்டில் யார், எப்போது ஏறுவது என்பதை டெல்லியின் கூட்ட அறை தீர்மானிப்பதையே இக்கட்டுரை தலையீடு என்கிறது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் மூன்றையும் வள்ளுவர் அரசனுக்குத்தானே சொன்னார் என்று கேட்கலாம். அந்த அரசன் களத்துக்குப் போனவன்.

2. தோலா காவல்நிலை

2.1 ஆணை

அப்படியொரு தலையீடு 1962-இல் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 8 அன்று சீனப் படை எல்லையிலுள்ள தக்லா முகட்டிலிருந்து இறங்கி, நம்காச்சு ஆற்றங்கரையிலிருந்த இந்தியாவின் தோலா காவல்நிலையைச் சூழ்ந்தது. அவர்களை விரட்டுவதென டெல்லி முடிவெடுத்தது. செப்டம்பர் 22 கூட்டத்தில் தரைப்படைத் தளபதி தாப்பர் அந்த ஆணையை எழுத்தில் கேட்டார். நேருவும் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனும் அப்போது வெளிநாட்டில். காகிதத்தில் கையெழுத்திட்டவர் அமைச்சகத்தின் இணைச் செயலர் ஒருவர்.

2.2 ஆள்மாற்றம்

33-வது கோர் தளபதி உம்ராவ் சிங் உணவு, வெடிமருந்து, குளிர்உடை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, இப்போது முடியாது என்றார். அந்தப் பகுதியே அவர் பொறுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. புதிதாக உருவான 4-வது கோர், போர்க்களத்தில் படை நடத்தியிராத பி.எம். கௌலிடம் போனது. நேருவுக்கும் மேனனுக்கும் நெருக்கமானவர் என்பது ஊரறிந்த செய்தி.

2.3 ஆற்றங்கரை

பிரிகேடியர் தல்வியின் 7-வது பிரிகேட் பருத்திச் சீருடையில், ஆளுக்குச் சுமார் 50 தோட்டாக்களுடன், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கரையில் பரவிக் கிடந்தது. பாலம் என்றால் குறுக்கே போட்ட மரக்கட்டைகள். அவற்றுக்கு எண் கொடுத்துக் காவல் போட்டார்கள். அக்டோபரில் நீர் வற்றி, ஆற்றை இறங்கியே கடக்கலாம் என்றானது. எதிரியோ தலைக்கு மேலே முகட்டில். 10-ஆம் தேதி செங்ஜோங்கில் சீனருடன் நடந்த மோதலை நேரில் பார்த்த கௌலுக்கே நிலைமை புரிந்தது. ஆனால் 12-ஆம் தேதி, இலங்கைக்குப் புறப்பட்ட நேரு, நம் மண்ணை விடுவிக்கப் படைக்கு ஆணையிட்டிருப்பதாக விமான நிலையத்தில் நிருபர்களிடம் சொல்லிவிட்டார். அதன்பின் பின்வாங்குவது அரசியலில் முடியாத காரியம். படை கரையிலேயே இருந்தது. கௌல் நோயுற்று டெல்லி திரும்பி, படுக்கையிலிருந்தபடி கோரை நடத்தினார். அக்டோபர் 20 விடியலில் சீனத் தாக்குதல். சில மணி நேரத்தில் பிரிகேட் சிதறியது. 22-ஆம் தேதி தல்வி சிறைபிடிக்கப்பட்டார்.

3. பொறுப்பு

மேனன் நவம்பரில் அமைச்சரவையை விட்டுப் போனார். பழியும் அவரோடு போனதாகப் பலர் நினைக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. எழுத்தில் கேட்பது, தோல்வி வரும் என்று தெரிந்தவர் செய்வது. தெரிந்தும் தாப்பர் ஆணையை மேலிருந்து கீழே அனுப்பினார். 1959-இல் மேனனோடு முரண்பட்டு ராஜினாமா செய்த முந்தைய தளபதி திம்மய்யா, நேரு கேட்டுக்கொண்டதும் அதைத் திரும்பப் பெற்ற கதை தாப்பருக்குத் தெரியாததல்ல.

தோல்வியை ஆராய ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் அமர்த்தப்பட்டு, 1963-இல் அறிக்கை தந்தார்கள். அரசு அதை இன்னும் வெளியிடவில்லை. அவர்களுக்கு வகுத்த விசாரணை எல்லை தரைப்படையோடு முடிந்தது. ஆணையில் கையெழுத்திட்ட அமைச்சகம் அதற்கு வெளியே இருந்தது.