சென்னையில் அச்சான ஆர்மீனிய வரலாற்றுப் பாடம்

சென்னை ஜார்ஜ் டவுனில் உயர் நீதிமன்றத்தை அடுத்துள்ள ஒரு தெருவுக்கு ஆர்மீனியன் தெரு என்று பெயர். பழைய தமிழ் வழக்கில் அது அரண்மனைக்காரன் தெரு. இந்தப் பெயருக்கும் அரண்மனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாய்க்குப் பழகாத ‘ஆர்மீனியன்’ என்ற சொல்லை ஊரார் தமக்குத் தெரிந்த சொல்லாகத் திருத்திக்கொண்டதில் பிறந்த பெயர் அது. மலேசியாவிலும் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் லெபு ஆர்மீனியன் என்றொரு தெரு இருக்கிறது. ஆர்மீனிய வணிகர்கள் கடலோடிச் சென்ற வழியை இவ்விரு தெருப்பெயர்களும் காட்டுகின்றன. அவர்களுள் சென்னையில் வாழ்ந்தவர்கள் வணிகத்தோடு நில்லாமல், தம் இனத்தின் வரலாற்றை இளைஞர்களுக்குப் பாடமாக எழுதி அச்சிட்டார்கள்.

இவர்களில் பெரும்பாலோரின் மூலம் பாரசீகத்தில் உள்ள புது ஜுல்ஃபா. ஆர்மீனிய நிலம் உதுமானியப் பேரரசுக்கும் பாரசீகத்துக்கும் இடையே சிக்கியிருந்த காலத்தில், 1604–05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்ஃபா நகர மக்களை அங்கிருந்து பெயர்த்து, தம் தலைநகர் இஸ்ஃபஹானுக்கு அருகே குடியேற்றினார். அவர்கள் பட்டு வணிகத்தில் வல்லவர்களாகி, அங்கிருந்து இந்தியத் துறைமுகங்களுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பரவினர். 1688இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. கம்பெனியின் ஊர் ஒன்றில் நாற்பது ஆர்மீனியர் குடியேறினால், அவர்களுக்குக் கோயில் கட்டித் தருவதாகவும், பாதிரியாருக்கு ஏழாண்டுக் காலம் ஆண்டுக்கு 50 பவுன் தருவதாகவும் கம்பெனி வாக்களித்தது.

சென்னையில் அவர்களின் முதல் தேவாலயம் 1712இல் எழுந்தது. இன்று ஆர்மீனியன் தெருவில் நிற்கும் புனித மரியாள் ஆலயம் 1772இல் கட்டப்பட்டது. அந்தச் சமூகத்தின் செல்வத்துக்கும் கொடைக்கும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சான்று. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவர் அவர். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டுகளும் அவர் கொடையே. பழைய பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது.

செல்வம் இருந்தும் நாடு இல்லை என்ற குறை அடுத்த தலைமுறையை உறுத்தியது. புது ஜுல்ஃபாவில் 1723இல் பிறந்து சென்னையில் வணிகராக உயர்ந்த ஷாஹமீர் ஷாஹமீரியனும், அவர் மகன் ஹகோபுக்கு ஆசிரியராக இருந்த மோவ்செஸ் பக்ராமியனும் அந்தக் குறையைக் கல்வியால் தீர்க்க முனைந்தனர். ஷாஹமீரியன் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் ஒன்றை நிறுவினார். 1772இல் அங்கிருந்து வெளிவந்த நூல்களுள் ஒன்று, ‘ஊக்கவுரை’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ‘ஹோர்தோரக்’.

அயலூரில் பிறந்து வளரும் ஆர்மீனிய இளைஞனை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நூல் அது. நம் நாடு எங்கே இருக்கிறது, அதை ஆண்டவர்கள் யார், அது எப்படிக் கைநழுவிப் போனது என்று அது அவனுக்கு எடுத்துச் சொன்னது. நாடு பறிபோனதற்குப் பகைவரின் வலிமையை மட்டும் காரணம் காட்டாமல், தம்முள் ஒற்றுமை இல்லாமையையும், கட்டுப்பாடற்ற தனி மனிதர் ஆட்சியையும் காரணமாகச் சொன்னது. நாட்டை மீட்கும் கடமையை இளைஞர்களின் தோளில் ஏற்றியது. ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைப் பீடமான எச்மியாட்ஸினில் இருந்த கத்தோலிக்கோஸ் சிமியோன் இதைக் கடுமையாகக் கண்டித்தார். அயல் அரசர்களின் கீழ் வாழும் மக்களுக்கு இத்தகைய நூல் ஆபத்தைக் கொண்டுவரும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது.

சென்னைக் குழு பின்வாங்கவில்லை. ‘புகழின் கண்ணி’ என்று பொருள்படும் ‘வொரொகாயிட் பராட்ஸ்’ அடுத்து வந்தது. நூலின் முகப்பில் 1773 என்று இருந்தாலும், அது முழுமையாக அச்சேறியது 1780களின் இறுதியில் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்கு 521 பிரிவுகளில் வகுக்கப்பட்ட அரசியலமைப்பு அதில் இருந்தது. மன்னரும் தம் விருப்பப்படி ஆளக் கூடாது, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமும் சட்டமுமே ஆள வேண்டும் என்பது அதன் அடிப்படை. ‘ஹோர்தோரக்’ கற்பித்த வரலாற்றிலிருந்து இந்தச் சட்டநூல் பிறந்தது. தனி ஆட்சியால் நாடு அழிந்தது என்பது பாடம் என்றால், அது மீண்டும் நிகழாமல் இருக்க வழி சொன்னது சட்டம்.

இந்த நூல்களோடு பெயர் இணைந்த ஹகோப் நீண்ட நாள் வாழவில்லை. 1774 ஜூலை 7 அன்று, தம் 29ஆம் வயதில், மலாக்காவில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல் மலாக்காவின் கிறிஸ்து ஆலயத்தில் இருக்கிறது. கல்லின் வாசகம், படிப்பவரை நிறுத்திப் பேசுவது போல அமைந்தது. தம் நாட்டாருக்கு விடுதலை கிடைத்த செய்தி உண்டா, அவர்களைக் காத்து ஆள நல்லவர் எவரேனும் எழுந்தாரா என்று அது வழிப்போக்கரிடம் கேட்கிறது. தம் இனத்தார் வெகு சிலரே வாழ்ந்த துறைமுகத்தில் இப்படியொரு கேள்வியைக் கல்லில் பொறிக்கச் செய்தது, சென்னையில் அவர் கற்ற பாடமே.

1794இல் சென்னைப் பாதிரியார் ஹரூத்யூன் ஷ்மாவோனியன் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அது. கப்பல் வரவு, சந்தை நிலவரம், சமூகச் செய்திகள் ஆகியவற்றோடு வரலாற்றுக் கட்டுரைகளும் அதில் இடம்பெற்றன. 1796 வரை 18 இதழ்கள் வந்தன. 1824இல் இறந்த ஷ்மாவோனியன் சென்னையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ஆர்மீனியரின் கல்வி மையம் கல்கத்தாவுக்கு மாறியது. 1821இல் அங்கே ஆர்மீனியக் கல்லூரி நிறுவப்பட்டது. பெயரில் கல்லூரி என்றாலும் அது பள்ளிக்கூடமே. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான யோஹன்னஸ் அவ்தால், வெனிஸில் வெளியான மிக்காயேல் சாம்ச்சியனின் ஆர்மீனிய வரலாற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1827இல் கல்கத்தாவில் வெளியிட்டார். பின்னர் கல்கத்தா பல்கலைக்கழகத் தேர்வுகளில் செவ்வியல் ஆர்மீனியமும் இடம்பெற்றது. அதன் தேர்வாளராக இருந்த மெஸ்ரோவ்ப் ஜேக்கப் சேத், சென்னை, கல்கத்தா உள்ளிட்ட பல ஊர்களின் கல்லறைக் கல்வெட்டுகளையும் ஆவணங்களையும் திரட்டி, இந்திய ஆர்மீனியரின் விரிவான வரலாற்றை 1937இல் வெளியிட்டார். உஸ்கானையும் ஷாஹமீரியனையும் பற்றி அறிய விரும்புவோர் இன்றும் அந்த நூலிலிருந்தே தொடங்குகிறார்கள்.

ஆர்மீனியா 1918இல் குடியரசானது. இரண்டே ஆண்டுகளில் சோவியத் ஆட்சிக்குள் போய், 1991இல் மீண்டும் விடுதலை பெற்றது. சென்னையில் ஆர்மீனியச் சமூகம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. புனித மரியாள் ஆலயத்தைக் கொல்கத்தாவின் ஆர்மீனியத் திருச்சபையினர் பராமரிக்கிறார்கள். அதன் முற்றத்தில், நடப்போரின் காலடியில், ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள் தரையோடு தரையாகப் பதிந்து கிடக்கின்றன.