யாருக்குத் தொலைந்த நகரம்?

மாச்சு பிச்சுவுக்கு ஒருதரமாவது போய்டணும். வாசிப்பு ஊட்டிய கனவு. பலருக்கும் ஊட்டியது ஹிராம் பிங்ஹாமின் ‘இன்காக்களின் தொலைந்த நகரம்’ (1948). யாருக்குத் தொலைஞ்சது? 1911 ஜூலையில் அவர் மலையேறியபோது, இன்காக்கள் கட்டிய படிவயல்களில் விவசாயக் குடும்பங்கள் சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுக்கொண்டிருந்தன. இடிபாடுகளைக் காட்டியது ஒரு சின்னப் பையன். இதையெல்லாம் பிங்ஹாமே எழுதியிருக்கிறார். தாண்டிப் போனது நம் வாசிப்புதான். கோயில் சுவரில் 1902லேயே கரியால் தன் பெயரை எழுதிவைத்தவர் லிஸாராகா, அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயி. அந்தப் பெயர் பிங்ஹாமின் குறிப்பேட்டில் இருக்கிறது. ‘கண்டுபிடித்தவர்’ பட்டம் மட்டும் பிங்ஹாமுக்கு! அவர் அள்ளிப்போன எலும்புகளும் பானைகளும் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து முழுசாகப் பெருவுக்குத் திரும்ப 2012 ஆயிற்று. என் கனவில் அந்த மலை இன்னும் ஆளரவமற்றுத்தான் கிடக்கிறது. சோளக்கொல்லை அதில் வரவேயில்லை.