மணலில் எழுதிய பாடமும் மன்றோவின் கணக்கும்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் குறிப்பொன்று எழுதினார். நிலத்தை அளந்தாயிற்று, விளைச்சலை மதிப்பிட்டாயிற்று, மக்கள்தொகையையும் ஒருவாறு கணித்தாயிற்று. ஆயினும் மக்களின் கல்வி நிலையை அறிய ஏதும் செய்யப்படவில்லை என்பது அதன் சாரம். ஊர்களில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணாக்கர், அவர்கள் எச்சாதியினர், எந்நூல்களைப் படிக்கின்றனர், எத்தனை ஆண்டு பயில்கின்றனர், ஆசிரியருக்குக் கொடுப்பது என்ன என்னும் வினாக்கள் மாவட்ட ஆட்சியர்களுக்குச் சென்றன. மக்கள் தம் பள்ளிகளைத் தம் விருப்பப்படியே நடத்திக்கொள்ளட்டும், அவற்றில் தலையிடும் நோக்கமில்லை என்றும் மன்றோ அதில் தெளிவுபடுத்தியிருந்தார்.

விடைகள் வந்து சேர இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயின. கானரா மாவட்டம் எண்ணிக்கை எதுவும் அனுப்பவில்லை. ஏனையவற்றைத் தொகுத்தபோது 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை தெரியவந்தது. அவர்களுள் பெண்கள் 4,540 பேர். சென்னை நகரில் வீட்டிலேயே பயின்ற பிள்ளைகள் 26,000க்கு மேற்பட்டோர் எனவும், அது பள்ளி சென்றோரைப்போல் ஐந்து மடங்கினும் மிகுதி எனவும் ஒரு கணக்கு வந்தது. அவ்வெண்ணை மன்றோவே முழுமையாக நம்பவில்லை. ஆயினும் வீட்டுக் கல்வியையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளில் மூன்றிலொரு பங்கினர் ஏதோ ஒருவகையில் கற்கின்றனர் என்று 1826 மார்ச்சு 10ஆம் நாள் குறிப்பில் அவர் மதிப்பிட்டார்.

இவ்விடைகளுள் தனித்து நிற்பது பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பெல் 1823 ஆகஸ்டு 17ஆம் நாள் எழுதிய கடிதமாகும். தமிழன்பர்களுக்கு இப்பெயர் புதியதன்று. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சார்ந்தவை என்பதை எல்லிஸ் எடுத்துக்காட்டிய குறிப்பு, 1816இல் வெளிவந்த கேம்பெலின் தெலுங்கு இலக்கண நூலின் முகப்பிலேதான் இடம்பெற்றது. மொழியறிவு வாய்ந்த அவர் பள்ளிகளை எண்ணியதோடு நில்லாமல் பாடத்தையும் கவனித்தார்.

ஐந்தாம் வயதில் பிள்ளை பள்ளியில் சேர்க்கப்படுகிறது. காலை ஆறு மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வருபவன் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாமவன் கையில் சுழியம். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்னால் வருவோர்க்கு மேன்மேலும். எழுத்தை வாயால் ஒலித்துப் பழகுவதற்கு முன்பே விரலால் மணலில் எழுதிப் பழகுவர். மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பாருக்குக் கற்பிப்பர். சட்டாம்பிள்ளையிடம் அரிச்சுவடி பயின்ற தலைமுறையைக் கண்டவர்க்கு இவ்வருணனை பெல்லாரிக்கு மட்டும் உரியதாகத் தோன்றாது. செலவு குறைந்த இம்முறை பாராட்டத்தக்கது, இங்கிலாந்திலும் பின்பற்றப்பட்டது என்று கேம்பெல் எழுதுகிறார். உண்மையே. சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் விடுதியில் அதனைப் புகுத்தி, 1797இல் இலண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரோடே அது அங்குப் பரவிற்று.

முறையைப் புகழ்ந்த கேம்பெல் பாடநூல்களைக் கடிந்தார். அவை செய்யுள் வடிவின. பேச்சு வழக்கினின்று வெகுதொலைவு விலகிய நடையின. ஆசிரியருக்கே பொருள் விளங்காதவை. பிள்ளை கிளிபோல் ஒப்பிக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. கவிஞர்கள் இதனை எளிதில் ஒப்பமாட்டார்கள். செய்யுள் முதலில் செவியில் தங்கும், பொருள் பின்னர் வயதோடு வரும் என்பது நம் மரபு. ஆத்திசூடி அவ்வாறே நமக்கு வந்து சேர்ந்தது. ஆனால் பொருள் பின்னர் வருவதற்கு அந்தப் ‘பின்னர்’ ஒன்று வேண்டுமன்றோ? பிஞ்சுக் கைகள் சிறு வேலைக்கு உதவும் நிலை எய்தியதுமே வறுமை பிள்ளையைப் பள்ளியினின்று பிரித்துவிடுகிறது என்பதும் அதே கடிதத்தில் உள்ளது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த மாவட்டத்தில் 533 பள்ளிகள். பயின்றோர் 7,000 பேர்கூட இல்லை. ஐரோப்பியத் துணி வரவால் நெசவாளர் நலிந்ததையும் அவர் காரணமாகச் சுட்டினார். கும்பினி அதிகாரி ஒருவர் கும்பினிக்கே எழுதிய வரி அது.

மன்றோவின் சீர்திருத்தம் இந்தப் பாடத்தைத் தொடவில்லை. ஆசிரியரின் மாத வருவாய் ஆறேழு ரூபாயைத் தாண்டாமையே தாழ்வுக்குக் காரணம் எனக் கருதிய அவர், மாவட்டப் பள்ளி ஆசிரியர்க்குப் பதினைந்து ரூபாயும் தாசில் பள்ளி ஆசிரியர்க்கு ஒன்பது ரூபாயும் வழங்கப் பரிந்துரைத்தார். நோக்கம் நல்லதே. ஆயினும் திண்ணையில் அமர்ந்து மணல் பரப்பிய ஆசிரியரிடமோ, பிள்ளையை அனுப்பிய தாயிடமோ, எது கற்பிக்கப்படல் வேண்டும் என்று கேட்பதற்கு அப்படிவத்தில் இடமே இல்லை. 1827இல் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மன்றோ மறைந்தார். அவர் திட்டப்படி திறக்கப்பட்ட பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன. திண்ணையை எவரும் மூடவில்லை, தாங்கவும் இல்லை.

நூறாண்டு கழிந்து, 1931 அக்டோபர் 20இல் இலண்டனில் பேசிய காந்தியடிகள், ஐம்பது நூறாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இந்தியா அன்று கல்வியில் பின்தங்கியிருக்கிறது என்றார். சர் பிலிப் ஹார்ட்டாக் சான்று கேட்டார். வழக்கு மீண்டும் எண்களின்மேல் சென்றது. தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் மன்றோ விசாரணையின் ஆவணங்களைத் திரட்டித் தந்தார். தமிழ் மாவட்டங்களில் மாணாக்கருள் சூத்திரரும் அவர்க்குக் கீழாக வைக்கப்பட்டோரும் 70 விழுக்காடு முதல் 84க்கும் மேல் இருந்தனர் என்பது அவர் கணிப்பு. கல்வி ஒரு சாராரின் உடைமை என்னும் எண்ணத்தை அது அசைத்தது. ஆனால் இரு பிரிவினரையும் கூட்டிச் சொல்லுமிடத்து, சேரிப்பிள்ளை திண்ணை ஏறிற்றா என்னும் வினா மறைந்துபோகிறது. அத்தொகையைப் பெருமிதத்தோடு எடுத்தாள்வோர் இதனையும் உடன் நோக்குதல் நன்று.

கேம்பெலின் கடிதம் அந்நூலின் பின்னிணைப்பில் உள்ளது. உள்ளங்கையில் எழுதிய கலைமகளின் பெயரும், மூன்றாவதாக வந்த பிள்ளை வாங்கிய ஓரடியும் அங்கே காணக்கிடைக்கின்றன.