கொல்வதா, நுழையவிடாமல் தடுப்பதா? கடல்மீன் பொரிப்பகங்களில் துடுப்புக்காலிக் கட்டுப்பாடு

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் 2010இல் கடல்விராலையும் 2011இல் சில்வர் பொம்பானோவையும் இந்தியாவில் முதன்முறையாகச் சிறைச்சூழலில் இனப்பெருக்கம் செய்வித்தது. இத்தகைய மீன்களின் இளவுயிரிகளுக்கு முதல் இரை ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரி. அதன் வளர்ப்புத் தொட்டியில் துடுப்புக்காலிகள் எனப்படும் கோபிபாடுகள் புகுந்துவிட்டால் அது தின்னும் நுண்பாசியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. சில இனங்கள் ரோட்டிஃபரையே தின்கின்றன. சில நாளில் வளர்ப்பு சரிந்து, இளவுயிரிகள் பட்டினி கிடக்கின்றன. துடுப்புக்காலிகளை மருந்திட்டுக் கொல்வதைவிட நுழைவாயில்களில் தடுப்பதும், நுழைந்தவற்றின் இனப்பெருக்கச் சுழற்சியை அறுப்பதுமே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மருந்தை ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் உண்டு. டிரைக்குளோர்ஃபான் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் ரோட்டிஃபரைக் கொல்லத் தேவைப்படுவதைவிடக் குறைந்த அளவிலேயே துடுப்புக்காலி உள்ளிட்ட ஓட்டுடலிகளைக் கொன்றுவிடும். தோலுரித்தலைத் தடுக்கும் டைஃப்ளுபென்சுரான் போன்றவை, தோலுரிக்காத ரோட்டிஃபரைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் முட்டைகள் தப்பினால் தொல்லை மீண்டும் தலைதூக்கும். நார்வேயின் சால்மன் பண்ணைகளில் ஒட்டுண்ணித் துடுப்புக்காலிகள் ஆர்கனோபாஸ்பேட்டுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றது பதிவான செய்தி. இன்னொன்று, நம் கரையோரத்தில் இறால் பண்ணைகள் உள்ளன. இறாலும் ஓட்டுடலியே. துடுப்புக்காலியைக் கொல்லும் கழிவுநீர் அங்கே போய்ச் சேர்ந்தால் இறாலை மட்டும் விட்டுவைக்காது.

மருந்தைப் போலவே, துடுப்புக்காலிகளைச் சலித்து அகற்றுவதும் ஒருமுறை செய்தால் போதாது. ரோட்டிஃபர் ஏறத்தாழ 100 முதல் 340 மைக்ரான் வரை இருக்கும். முதிர்ந்த துடுப்புக்காலிகளில் பல அதைவிடப் பெரியவை என்பதால் 250 மைக்ரான் வலைத்துணியில் அவற்றில் பல தங்கிவிடும். நாப்ளியஸ் இளவுயிரிகளோ ரோட்டிஃபர் அளவே இருந்து, அதனுடன் கலந்து கீழிறங்கிவிடும். ஆனால் நாப்ளியஸிலிருந்து முதிர்நிலை வரை பதினொரு தோலுரிப்புகள் உள்ளன. வெதுவெதுப்பான நீரிலும் இதற்குப் பல நாள் பிடிக்கும். ரோட்டிஃபர் நல்ல சூழலில் ஓரிரு நாளில் இரட்டிப்பாகும். ஆகவே தப்பிய நாப்ளியஸ் வளர்ந்து முட்டைப்பை தாங்கும் முன் மீண்டும் சலித்து, தொட்டியைக் கழுவி, குறைந்த அளவு ரோட்டிஃபருடன் புதிதாகத் தொடங்கினால் வேகப்போட்டியில் ரோட்டிஃபரே வெல்லும்.

தடுப்பில் முதல் வாயில் நீர். கடல்நீரை வடிகட்டி, குளோரினிட்டு, எஞ்சியதைத் தயோசல்பேட்டால் நீக்குவது வழக்கம். ப்ளீச்சிங் பவுடர் வெக்கையிலும் ஈரத்திலும் வீரியம் இழப்பதால் அளவு தப்புகிறது. 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு, இதற்கு மாற்றாகக்கூடிய கடல்நீர் மின்னாற்பகுப்பு அன்னியமான துறை அன்று. கடல்நீரில் உள்ள குளோரைடிலிருந்தே அவ்வப்போது ஹைப்போகுளோரைட் எடுக்கும் சிறு கருவிகள், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இயங்கும் தொண்டிக் கரையில் சோதித்துப் பார்க்கத் தக்கவை.

நீர் சுத்தமானாலும் பாசியும் ரோட்டிஃபர் வித்தும் வழியாக மாசு வரலாம். எனவே வேறு பொரிப்பகத்திலிருந்து உயிருள்ள வளர்ப்பை வாங்குவதைவிட, கிருமிநீக்கத்தைத் தாங்கும் ரோட்டிஃபரின் ஓய்வு முட்டைகளிலிருந்து தொடங்குவது மேல்.

ஆயினும் இந்தக் கண்டிப்பு ரோட்டிஃபர் தொட்டிக்கே உரியது. டிஎச்ஏ கொழுப்பமிலம் நிறைந்த துடுப்புக்காலி நாப்ளியஸ் இளமீன்களுக்கு ரோட்டிஃபரைவிடச் சத்தான இரை. அதனைத் தனித் தொட்டியில், தனி வலை, தனி வாளியுடன் வளர்த்து இரையாக்கலாம். ஆகவே பொரிப்பகப் பயிற்சிகளில் மருந்தளவு அட்டவணைக்கு முன், எந்தத் தொட்டியில் எந்த உயிர் இருக்கலாம் என்ற வரையறையைக் கற்பிக்க வேண்டும்.