கயிறு இழுத்த கை

பொம்மிடியிலிருந்து சேர்வராயன் மலைப் பக்கம் போகும் சாலையில் ஒரு பழைய புளியமரத்தை வெட்டினார்கள். அதன் அடியில் பானை அளவுக்குப் புடைத்திருந்த முண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். விறகு ஏற்ற வந்தவர் சந்தோஷமாகக் கொடுத்தார். கோடாலிக்கு மடங்காத கட்டை அது.

மரத்துக்கு அடிபட்ட இடத்தில், அல்லது நோய் தாக்கிய இடத்தில், துளிர்க்காத மொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு வளர்வதால் இப்படி முண்டு விழுகிறது. உள்ளே ரேகைகள் நேராக ஓடாமல் சுழன்று சுழன்று கிடக்கும். பிளக்க வராது என்பதால் விறகுக்கு ஆகாது. அதே காரணத்தால்தான் கிண்ணம் கடைய அதை உலகமெங்கும் தேடுகிறார்கள். பூட்டானில் மரக்கடைசல் 13 மரபுக் கைவினைகளில் ஒன்று. அங்கே முண்டில் கடைந்த கிண்ணத்துக்கு மற்றவற்றைவிட மதிப்பு அதிகம்.

எங்கள் பக்கத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் முண்டைக் கொடுத்தேன். கட்டில் கால், தொட்டில் கட்டை கடைகிற இடம். பட்டறைக்கார அண்ணன் ஒரே மதியத்தில் கிண்ணத்தின் உருவைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் சுவர் இரண்டு விரல் கனத்துக்கு இருந்தது. பச்சை மரத்தை மெல்லிசாகக் கடைந்தால் காய்கிறபோது கோணிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். அதன் பிறகு நடந்ததையெல்லாம் செய்தவர் அவர் மனைவி. கடைந்த சுருளையே கிண்ணத்தைச் சுற்றித் திணித்து, கோணிப்பையில் கட்டி, காற்றுப் படாத மூலையில் வைத்தார். வாரம் ஒருமுறை எடுத்துத் தராசில் நிறுத்தார். எடை குறைவது நின்றால்தான் ஈரம் போயிற்று என்று கணக்கு. நான்கு மாதம் கழித்து, "இப்பக் கடையலாம்" என்று சொன்னவரும் அவர்தான். அண்ணன் மறுபடி கடைந்து சுவரை மெல்லிசாக்கிக் கொடுக்க, அக்கா உப்புத்தாளைச் சொரசொரப்பிலிருந்து நைசு வரை வரிசையாக மாற்றித் தேய்த்தார். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு ஏற்றி, காயவிட்டு, மறுபடி ஏற்றினார். சுழி சுழியாக ரேகை எழும்பி வந்தது அப்போதுதான்.

"இந்த வேலை எத்தனை வருஷமா செய்யறீங்க அக்கா?"

"நான் எங்கம்மா செய்யறேன்? சும்மா கூடமாட ஒத்தாசை."

அந்தப் பதிலிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

தமிழில் தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். எங்கள் பாட்டி தூணில் மத்தைப் பிணைத்து, கயிற்றைச் சுற்றி, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்துத் தயிர் கடைவார். மோட்டார் வருமுன் மரம் கடைந்ததும் இதே முறையில்தான். தண்டில் சுற்றிய கயிற்றை ஒருவர் முன்னும் பின்னும் இழுக்க, மரம் ஒரு சுற்று இப்படியும் ஒரு சுற்று அப்படியும் உருளும். தன் பக்கம் உருளும்போது உளி பிடித்தவர் வெட்டுவார், எதிர்ப்பக்கம் போகும்போது உளியைத் தளர்த்துவார். எகிப்தில், கி.மு. 300ஐ ஒட்டிக் கட்டப்பட்ட பெட்டோசிரிஸ் கல்லறையின் சுவரில் இந்தக் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவர் இழுக்கிறார், மற்றவர் உளி பிடிக்கிறார். கடைசல் இருவர் தொழில் என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி.

கயிறு இழுப்பவரின் வேகம் தப்பினால் உளி தடுமாறும். இருந்தும் கடைசல்காரர் என்ற பெயர் உளி பிடித்தவருக்கே போயிற்று. குடும்பமே பட்டறையாக இருந்த வீடுகளில் கயிறு, தேய்ப்பு, வண்ணம் எல்லாம் வீட்டு வேலையின் நீட்சியாக எண்ணப்பட்டன. வீட்டு வேலைக்குக் கூலி ஏது?

பெண்ணின் கடைசலைத் தொழிலாகவே பார்த்த கண்ணும் நம்மிடம் இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயர்மகள் விடியலில் தயிர் கடைகிறாள், மோரைக் கொண்டுபோய் விற்றுத் தானியம் வாங்கிக் குடும்பத்தை ஊட்டுகிறாள். நெய்க்குப் பொன் கொடுத்தால் வாங்காமல் எருமையும் பசுவுமாகக் கேட்கிறாள். அவள் செய்தது ஒத்தாசை என்று அந்தப் புலவருக்குத் தோன்றவில்லை.

கைவினை வரலாற்றை எழுதியவர்கள் வீட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கைவினைகளைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1908இல் வெளிவந்தது. கண்டிப் பகுதியின் அரக்குக் கடைசலும் அதில் உண்டு. அவரோடு ஊர் ஊராக அலைந்தவர், கேமராவோடு நின்றவர், மனைவி எதெல். நூலாசிரியர் இடத்தில் இருப்பது ஒரு பெயர்தான். பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் முன்னணி நெசவுக் கலைஞராக அவர் அறியப்பட்டார். அதற்கு அவருக்குச் சொந்தமாக ஒரு தறி வேண்டியிருந்தது.

கருவி கைமாறினால் பெயரும் மாறும் என்பதைக் கர்நாடகத்தின் சன்னபட்டணாவில் பார்க்கலாம். வெட்பாலை மரத்தில் பொம்மை கடையும் ஊர் அது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டில் அரக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மோட்டார் வந்தபோது கயிறு இழுக்கும் ஆள் தேவையில்லாமல் போனார். அதோடு பயிற்சியும் கிடைத்த இடங்களில் பெண்கள் உளியோடு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள். இன்று அங்கே அவர்களும் கைவினைஞர்கள். மோட்டார் மட்டும் வந்து பயிற்சி வராத இடங்களில் பெண்கள் கயிற்றிலிருந்து உப்புத்தாளுக்கு மாறினார்கள், அவ்வளவுதான்.

மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு அடையாள அட்டை தருகிறது. கண்காட்சியில் கடை போட, திட்டங்களில் சேர அது வேண்டும். எங்கள் ஊர் அண்ணனிடம் அட்டை இருக்கிறது. அக்காவிடம் இல்லை. யாரும் மறுக்கவில்லை, அவர்தான் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். 'கூடமாட ஒத்தாசை' என்பதை அதில் எழுத முடியாது.

கிண்ணத்துக்குப் பணம் கொடுக்கப் போனபோது இரண்டு கூலியாகப் பிரித்துக் கேட்டேன்: கடைந்ததற்கு எவ்வளவு, உலர்த்தித் தேய்த்து எண்ணெய் ஏற்றியதற்கு எவ்வளவு என்று. அண்ணன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அதுதாங்க நாள் கூட" என்றார். அக்கா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு தன் கூலியைத் தானே சொன்னார்.