எழும்பூர் மணலும் லண்டன் மண்டபமும்

வெளிநாட்டுப் பள்ளிகளிடம் என்ன கற்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு எழும்பூர் நினைவுக்கு வரும். பணிக்காலம் முழுவதும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். ஒரு நாடு இன்னொரு நாட்டுப் பள்ளியைப் பார்த்து எதை எடுத்தது, எதை விட்டது என்பதற்கு எழும்பூரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் நடந்த விடுதிப் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இசையவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். பிள்ளைகள் எழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு வியப்பில்லை. தாம்பாளத்தில் மணல் பரப்பி ‘அ’ எழுதவைத்துப் பார்த்திருக்கிறேன். சுழியில் விரல் தடுமாறும். பிள்ளை உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதும். தப்பு அங்கே தங்குவதில்லை, அதனால் பயமும் இல்லை.

பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை அதைத்தான் செய்தான்.

பெல் ஊர் திரும்பி, எழும்பூரில் செய்ததை 1797இல் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. 1811இல் தொடங்கிய திருச்சபையின் தேசியக் கழகம் தன் பள்ளிகளில் இதையே கைக்கொண்டது. 1798இல் லண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரோ, மூத்த மாணவர்களைக் கொண்டு ஓர் ஆசிரியரே ஆயிரம் பேருக்குக் கற்பிக்கலாம் என்றார். மண்டபங்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒப்பித்தார்கள்.

அந்த முறை பிறந்த மண்ணில் நிலைமை வேறு. சென்னை மாகாணக் கணக்கெடுப்பின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்ததாக ஆளுநர் தாமஸ் மன்றோ 1826இல் எழுதினார். பள்ளிக்குச் சராசரி பதினைந்து பேர்! அவர்களில் பெண்கள் 4,540 பேர்தான். அந்தக் குறையை மறைத்துப் பெருமை பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் அறிந்த வாத்தியார் அங்கே இருந்தார். இங்கிலாந்து மணலையும் சட்டாம்பிள்ளையையும் எடுத்துக்கொண்டது, ஏனென்றால் அவற்றுக்குச் செலவு குறைவு. அந்தப் பதினைந்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1846இல் இங்கிலாந்து அரசே, பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் திட்டத்துக்கு மாறியது.

இன்று நாம் பின்லாந்தைப் பார்க்கிறோம். வீட்டுப்பாடம் குறைவு, தேர்வு குறைவு என்கிறோம், இரண்டும் செலவில்லாதவை. ஆனால் அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற விதி 1970களின் இறுதியிலேயே வந்துவிட்டது. பின்லாந்திடம் எதையாவது எடுப்பதானால், முதலில் இதை எடுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு நன்கு பயின்ற ஆசிரியரைத் தாருங்கள், அவர் முன்னால் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.