ஈபர் எந்த ஊர்?

போன சனிக்கிழமை இரவு லீட்ஸிலிருந்து பேத்தி போனில் வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்களாம். "தாத்தா, நம்ம சர்நேமுக்கு என்ன அர்த்தம்? அது எந்த ஊர்லேர்ந்து வந்தது?" என்று கேட்டாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் குடும்பப் பெயர் எந்தக் கிராமத்தில் பிறந்தது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு வரப் போகிறார்களாம்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. காரணம், அவளுடைய சர்நேம் என்பது நான்தான்! என் பையன் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை, அதாவது என் பெயரை, எழுதிவிட்டான். அங்கே பேத்தி பிறந்ததும் அதுவே அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. என் அப்பா எனக்கு வைத்த பெயர் என்னைக் கேட்காமலேயே ஒரு வம்சத்தின் பெயராகிவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்டா கண்ணு" என்று போனை வைத்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட் போனேன். வெங்காயக் கடையில் ஒரு பையன், "பெல்லாரி, பெல்லாரி" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "தம்பி, இது பெல்லாரியிலிருந்தா வருது?" என்று கேட்டேன். "இல்லீங்கய்யா, நாசிக் சரக்கு" என்றான். "அப்புறம் ஏன் பெல்லாரிங்கிறே?" "பெரிய வெங்காயம்னா பெல்லாரிதானேங்கய்யா!" நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. சரக்கு வரும் ஊர் மாறிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. பக்கத்துக் கடையில் பெங்களூர் கத்திரிக்காய். அதன் பூர்விகம் மெக்சிகோ பக்கம் என்கிறார்கள். எந்த ஊர் வழியாக நம் கைக்கு வந்ததோ அந்த ஊரின் பெயரை ஒட்டிவிடுகிறோம். காய்கறிக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் இதே கதைதான் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் "ஈபர் காலேஜ் எல்லாம் முன்னாடி வாங்க" என்று குரல் கொடுத்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

ஈபர்! திருச்சியில் பிறந்து வளர்ந்த நமக்கு எவ்வளவு பழகிய சொல். தெப்பக்குளத்தில் ஈபர் ஸ்கூல், வயலூர் ரோட்டில் ஈபர் காலேஜ், பீமநகரில் ஈபர் ரோடு. ஆனால் ஈபர் என்பது ஒரு ஆங்கிலக் குடும்பப் பெயர், அதுவும் இங்கிலாந்திலேயே அபூர்வமான பெயர் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

முதலில் ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் அங்கே இந்த வழக்கம் மெல்ல மெல்லப் பரவியது. சுமார் 1400க்குள் பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது. 1538இல் ஒவ்வொரு சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அந்தப் பெயர்கள் கெட்டிப்பட்டன.

அந்தப் பெயர்கள் பொதுவாக நான்கு வகை. அப்பா பெயர், தொழில், பட்டப்பெயர், ஊர். இதற்கு உதாரணம் தேடி லண்டன் போக வேண்டாம், நம் ஊர் ரோடுகளே போதும். கண்டோன்மென்ட்டில் லாசன்ஸ் ரோடு இருக்கிறது. லாசன் என்றால் 'லா'வின் மகன். லாரன்ஸ் என்பதன் செல்லச் சுருக்கம்தான் 'லா'. மெக்டொனால்ட்ஸ் ரோடு: டொனால்டின் மகன். வார்னர்ஸ் ரோடு: வார்னர் என்ற பெயருக்குச் சொல்லும் பொருள்களில் ஒன்று முயல் காட்டுக் காவல்காரர். பேர்ட்ஸ் ரோடு: பறவை, யாரோ ஒரு பாட்டனாருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர். கோட்டைப் பக்கம் பட்டர்வொர்த் ரோடு: அது லங்காஷயரில் ஒரு ஊர். ஆக, நான்கு வகையும் திருச்சிக்குள்ளேயே கிடைக்கின்றன.

இனி ஈபர். ஆங்கிலத்தில் 'ஹீபர்'. நம் நாக்குக்கு அந்த ஹகரம் ஒத்துவராமல் ஈபர் ஆகிவிட்டது. இது பைபிள் பெயர் என்று பலர் நினைப்பார்கள். பைபிளில் ஏபேர் என்று ஒருவர் வருவது உண்மை. எபிரேயர் என்ற இனப் பெயரையே அவரோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் ஹீபர் சிட்டி என்ற ஊரே இருக்கிறது. ஹீபர் கிம்பால் என்ற மார்மன் சபைத் தலைவரின் முதல் பெயரால் வந்தது அது. நம் பிஷப் ஈபரின் பெயர் வேறு வழியில் வந்தது. காதில் ஒன்றுபோல விழுந்தாலும் வேர் வேறு.

பிஷப்பின் குடும்பம் வடக்கு இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்தது. அங்கே கிரேவன் என்ற மலைப்பாங்கான வட்டாரம். அந்த வட்டாரத்தில் உள்ள 'ஹேபர்க்' என்ற குன்றின் பெயர்தான் மருவி ஹீபர் ஆனது என்று கருதப்படுகிறது. அதாவது, நம் மலைக்கோட்டைப் பக்கத்தில் குடியிருந்தவரை 'மலைக்கோட்டையார்' என்று கூப்பிட்டு, அதுவே பேரன் பேத்திகளுக்கும் நிலைத்துவிட்ட மாதிரி. அந்தக் குடும்பம் மார்ட்டன் என்ற கிராமத்தின் நிலச்சுவான்தார்கள். முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் அவர்களுக்குக் குலச் சின்னமும் கிடைத்தது.

தலைமுறை தலைமுறையாக யார்க்ஷயரில் இருந்த பெயர் தெற்கே நகர்ந்தது 1752இல். எலிசபெத் வெர்னன் என்ற உறவுக்காரப் பெண்மணி ஷ்ராப்ஷயரில் இருந்த ஹாட்னெட் எஸ்டேட்டை ரிச்சர்ட் ஹீபருக்குக் கொடுத்தார். அவர் 1766இல் இறந்ததும் தம்பி ரெஜினால்டுக்கு இரண்டு சொத்தும் வந்தன. அந்தத் தம்பி செஷயரில் மால்பஸ் என்ற சிற்றூரில் பாதிரியார். அவருடைய மகன்தான் நம் பிஷப். 1783 ஏப்ரல் 21 அன்று மால்பஸில் பிறந்தார். அவருக்கும் அப்பா பெயரே, ரெஜினால்ட் ஹீபர்.

பெயர் அபூர்வம், ஆட்களும் அபூர்வம். பிஷப்பின் ஒன்றுவிட்ட தாய்க்கு, அதாவது அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்த அண்ணன் ரிச்சர்ட் ஹீபர் ஒரு புத்தகப் பைத்தியம். வீடு வீடாக வாங்கிப் புத்தகத்தால் நிரப்பியவர். எந்தப் புத்தகமானாலும் 3 பிரதி வேண்டும், ஒன்று பார்வைக்கு, ஒன்று படிக்க, ஒன்று இரவல் கொடுக்க என்பது அவர் கொள்கை. இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வராது என்பதை நம்மைப் போலவே அவரும் அனுபவத்தில் கண்டிருப்பார்! அவர் கல்யாணமே செய்துகொள்ளாமல் 1833இல் காலமானார்.

தம்பி ரெஜினால்ட் ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, கவிதை எழுதிப் பரிசு வாங்கி, ஹாட்னெட்டில் பாதிரியாராக இருந்து, 1823இல் கல்கத்தா பிஷப்பாக வந்து சேர்ந்தார். அன்றைக்குக் கல்கத்தா பிஷப் என்றால் இந்தியா முழுவதும் அவர் பொறுப்பு. 1826இல் தென்னாட்டுச் சுற்றுப்பயணம். மார்ச் 26 ஈஸ்டருக்குத் தஞ்சாவூர். அங்கே ஆராதனையில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்த சரபோஜி மன்னரைச் சந்தித்தார். ஏப்ரல் 1 சனிக்கிழமை திருச்சிக்கு வந்தார்.

ஞாயிறன்று பிரசங்கம். ஏப்ரல் 3 திங்கட்கிழமை விடியற்காலை கோட்டைக்குள், ஸ்வார்ட்ஸ் 1766இல் கட்டிய கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் நடத்தினார். வெயில் ஏறும் முன் தங்கியிருந்த பங்களாவுக்குத் திரும்பினார். பிரசங்கத் தாளின் பின்பக்கம் "திருச்சினாப்பள்ளி, ஏப்ரல் 3, 1826" என்று எழுதி வைத்துவிட்டு, அங்கே இருந்த குளியல் தொட்டியில் இறங்கினார். அது ஆழமான, குளம் போன்ற தொட்டி. வெகுநேரமாகச் சத்தம் இல்லையே என்று வேலைக்காரர் கதவைத் திறந்து பார்த்தபோது உயிர் இல்லை. 43ஆவது பிறந்த நாளுக்கு 18 நாள் இருந்தது. மனைவி அமேலியா அப்போது கல்கத்தாவில்.

திருச்சி செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில் அவரை அடக்கம் செய்தார்கள். நான் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில் ஜங்ஷன் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சர்ச்சைப் பார்த்திருக்கிறேன். உள்ளே படுத்திருப்பவர் பெயர்தான் பஸ் ஸ்டாப்புக்கும் என்று அன்றைக்குத் தோன்றியதில்லை.

இப்போது ஒரு கேள்வி. பிஷப்புக்கு இருந்தது எமிலி, ஹாரியட் என்ற இரண்டு பெண் குழந்தைகள். அண்ணனுக்குக் குடும்பமே இல்லை. இன்னொரு சகோதரர் தாமஸ் முன்பே போய்விட்டார். ஆண் வாரிசு இல்லாத இந்த வீட்டில் ஹீபர் என்ற பெயர் என்ன ஆயிற்று?

எமிலி 1839இல் அல்ஜெர்னன் பெர்சி என்பவரை மணந்தார். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பெயரோடு மனைவி வீட்டுப் பெயரையும் சேர்த்துக்கொண்டு 'ஹீபர்-பெர்சி' ஆனார்கள். ஹாட்னெட் மாளிகை இன்றும் ஹீபர்-பெர்சி குடும்பத்தாரிடம்தான் இருக்கிறது. கிரேவன் குன்றின் பெயரை இன்றுவரை தூக்கிக்கொண்டு வந்தது ஒரு மகள்!

இன்னொரு பக்கம், பெயர் கல்வி வழியாகப் பரவியது. பிறந்த ஊரான மால்பஸில் 'பிஷப் ஹீபர்' பெயரில் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. உயிர் போன ஊரான நம் திருச்சியிலும் அதே பெயரில் பள்ளி. 1966இல் புத்தூரில் தொடங்கிய இப்போதைய கல்லூரி, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பிஷப் ஈபர் ஹால் என்ற விடுதி என்று அது நீள்கிறது. இங்கிலாந்தில் டெலிபோன் டைரக்டரியைப் புரட்டினால் அபூர்வமாகக் கண்ணில் படக்கூடிய பெயரை, திருச்சியில் கண்டக்டர் ஒரு நாளைக்குப் பத்து தடவை கூவுகிறார்.

நம் பக்கம் வருவோம். திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி.வி. ராமனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா சந்திரசேகர ஐயர். ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு. அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு. சித்தப்பாவும் மகனும்தான். ஆனால் பட்டியலை மட்டும் பார்க்கிற வெளிநாட்டுக்காரருக்கு இருவரும் உறவு என்று தெரியவே தெரியாது. ராமன் என்பது பெற்றோர் வைத்த பெயர்; உலகம் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. அண்ணன் மகனுக்கோ தாத்தாவின் பெயர். நம் முறையில் பெயர் நேர்கோட்டில் போவதில்லை. தாத்தாவிடமிருந்து பேரனுக்குத் தாவுகிறது.

குடும்பத்தின் அடையாளத்தை நாம் இனிஷியலில்தான் வைத்தோம். ஒன்று ஊர், இன்னொன்று அப்பா. ஒர்க்‌ஷாப் டைம் ஆபீஸில் இருந்தபோது ஒரே ஷாப்பில் 'எஸ். சுப்பிரமணியன்' நான்கு பேர். டோக்கன் நம்பர் இல்லாவிட்டால் சம்பளமே மாறிப் போயிருக்கும். அதில் ஒரு எஸ் ஸ்ரீரங்கம், ஒரு எஸ் சமயபுரம். ஒற்றை எழுத்துக்குள் ஒரு ஊரே ஒளிந்திருந்தது. விரித்துச் சொல்ல ஆள் இருக்கும்வரைதான் அது ஊர். அப்புறம் அது வெறும் எழுத்து.

என் இனிஷியலில் முதல் எழுத்து 'மா'. லால்குடிப் பக்கம் மாந்துறை. தாத்தா காலத்து வீடு எப்போதோ கைமாறிவிட்டது. நிலமும் இல்லை. எங்களுக்கு அந்த ஊரில் மிச்சம் இருப்பது இந்த ஓரெழுத்து மட்டுமே. பாஸ்போர்ட்டில் அதுவும் விழுந்துவிட்டது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டத்துக்குள் நம் வழக்கம் அடங்காது. ஆனால் அந்த வயதில் அவனை உட்காரவைத்து 'மா' என்றால் என்ன என்று சொல்லாதது என் தப்பு.

ஞாயிறு இரவு பேத்தியிடம் சொன்னேன். "கண்ணு, உன் சர்நேமுக்கு வயசு எனக்கு எவ்வளவோ அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி நம்ம பேர் மாந்துறை. காவேரிக் கரைச் சீமை, மாமரம் நிறைஞ்ச துறை. அங்கே சிவன் கோவில்ல ஸ்தல விருட்சமே மாமரம்தான். வரைபடத்துல அந்த இடத்துல புள்ளி வை" என்றேன். ஹீபர் கதையையும் சொன்னேன். "கிரேவன் உங்க யார்க்ஷயர்லதான் இருக்கு. லீட்ஸ்லேர்ந்து ஸ்கிப்டனுக்கு ரயில் போகுது. மார்ட்டன் அங்கேர்ந்து பக்கம். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் நம்ம ஊர்ல படுத்திருக்கார். நம்ம ஊர்க்காரி நீ அங்கே இருக்கே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ எமிலி மாதிரி நானும் பேரை வச்சுக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள்.

"தாராளமா வச்சுக்கலாம்" என்றேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இனிஷியலில் ஒளிந்திருக்கும் ஊர் எது, அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன கோவில், என்ன ஆறு என்று ஒரு தாளில் எழுதிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். நமக்குப் பிறகு அந்த எழுத்தை விரித்துச் சொல்ல ஆள் இருக்காது.